மஞ்சள் நுனிக் கம்பி

சித்திரை வெயிலில், கேண்டீன் மூலையில், செல்லையா கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் முன்னால் ஒரு டம்ளர் பால். யாரோ அதில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டிருந்தார்கள். அவர் டம்ளரை எடுத்தபோது அதன் அடி மேசையில் இரண்டு தரம் தட்டியது.

நான் அங்கே போனது சமையல் அடுப்பின் ரப்பர்க் குழாய் வெடித்திருப்பதற்காகச் சமையல்காரரைத் திட்ட. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான்தான் பாதுகாப்பு அதிகாரி. முறைப்படி படித்தது வேதியியல். வேலை முழுக்க எழுதியது சுற்றறிக்கை. தொழிலாளர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘சர்க்குலர் அம்மா’. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன செல்லையா, குளிருதா?”

“ஒண்ணுமில்ல மேடம். நேத்து வேலையில பொகை கொஞ்சம் ஏறிட்டு. பால் குடிச்சா எறங்கிரும்.”

“வாய் எப்படி இருக்கு?”

“துட்டக் கடிச்சிக்கிட்டு இருக்கமாரி இனிச்சுக் கெடக்கு. தொண்டை காஞ்சு போச்சு. நெஞ்சுல ஒரு கல்லு. சாயங்காலம் ரயிலேறினா எல்லாம் சரியாயிரும். நாளைக்கு நம்ம மூத்தவளுக்கு நிச்சயதாம்பூலம்லா.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று புதன்கிழமை.

போன வாரம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ‘இந்தத் தொடரில் எப்போதும் மற்றவர்கள் செய்த தவறுகளையே எழுதுகிறீர்கள். நீங்கள் தவறே செய்யவில்லையா?’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் அவருக்காக.

திங்கட்கிழமைக் காய்ச்சல்

புதன்கிழமையில் என்ன பயம் என்று சொல்ல வேண்டும்.

செல்லையா செய்தது பிரேசிங். வெள்ளி கலந்த கம்பியை உருக்கிச் செப்புக் குழாய்களை ஒட்டும் வேலை. அந்தக் கம்பியில் வெள்ளி, செம்பு, துத்தநாகம் இருக்கும். சூடு மிஞ்சினால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை நிறையச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிர், காய்ச்சல், உடம்புவலி, வாயில் இனிப்பு. மறுநாளோ அதற்கு மறுநாளோ எழுந்து வேலைக்கு வந்துவிடுவார். பித்தளை வார்ப்பவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த காய்ச்சல் இது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தினமும் அந்தப் புகையில் நிற்பவனுக்கு உடம்பு பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை திரும்ப வந்து புகை பட்டால் காய்ச்சல். அதனால்தான் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று பெயர். வேலைக்கு வராமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று மேலாளர்கள் பல வருடம் நம்பினார்கள்.

அப்படியானால் வாரத்தின் நடுவில், நாள்தோறும் பிரேசிங் செய்கிற மனிதருக்கு ஏன் வந்தது?

அதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். காட்மியம்.

கூட்டுக் குடும்பம்

கலப்பு உலோகம் கூட்டுக் குடும்பத்தைப் போன்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம், ஒரே பளபளப்பு. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பது சூடு ஏறும்போதுதான் தெரியும்.

எங்கள் பெயிண்ட் கிடங்கில் தீப்பொறி வராத சுத்தியல் ஒன்று இருந்தது. பார்க்கச் செம்பு மாதிரி இருக்கும். ஆவி நிறைந்த இடத்தில் இரும்புச் சுத்தியல் ஆபத்து என்று நானே வாங்க வைத்தது. அதன் முனை சப்பையானபோது ஒரு புத்திசாலி அதை அரவைச் சக்கரத்தில் பிடித்து அழகாகத் தீட்ட ஆரம்பித்தார். அந்தச் செம்பில் பெரிலியம் என்று ஒரு விருந்தாளி உண்டு. கட்டியாக இருக்கும்வரை பரம சாது. தூளாகி நுரையீரலுக்குள் போனால் வருடக்கணக்கில் வெளியே வராது. நல்லவேளை, அவர் இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் நான் அங்கே போய்விட்டேன். “சுத்தியலைத் தீட்டினதுக்கெல்லாம் மெமோவா?” என்று அவர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

காட்மியமும் அந்த ஜாதிதான். வெள்ளிக் கம்பியில் கொஞ்சம் காட்மியம் சேர்த்தால் அது குறைந்த சூட்டிலேயே உருகி, நெய் மாதிரி இண்டு இடுக்கெல்லாம் ஓடும். பிரேசிங் தெரிந்தவர்களுக்கு அந்தக் கம்பி என்றால் உயிர். காட்மியப் புகைக்கு இருமலும் வராது, கண்ணும் எரியாது. சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை. துத்தநாகக் காய்ச்சலின் இரட்டைப் பிள்ளை போலவே இருக்கும். ஆனால் துத்தநாகம் மறுநாள் விட்டுவிடும். காட்மியம் ஒரு நாள் சும்மா இருப்பதுபோல் இருந்துவிட்டு, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். அப்போது பக்கத்தில் ஆக்சிஜனும் டாக்டரும் இல்லையென்றால் ஆள் மிஞ்சமாட்டார்.

செல்லையாவின் இரண்டாம் நாள், வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், பந்தலுக்குக் கீழே வரவிருந்தது.

பால் விஷயம்

பாலைப் பற்றி ஒரு வார்த்தை.

எங்கள் தொழிற்சாலையில் புகையில் வேலை செய்பவர்களுக்குத் தினமும் பால் உண்டு. பால் குடித்தால் உலோகம் வயிற்றோடு போய்விடும் என்று நம்பிக்கை. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. இரண்டுக்கும் வழி வேறு என்று ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினேன். பாலை நிறுத்தி, அதற்குப் பதில் புகையை விரட்டக் காற்றடிக்கும் நல்ல புளோயரும் முகமூடியும் தரலாம் என்று முடித்தேன். மறுநாள் வாசலில் கோஷம். மூன்று சங்கங்களும் ஒன்றாக நின்ற ஒரே போராட்டம் அதுதான். கொடிகளை அவ்வளவு ஒற்றுமையாக அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பால் தொடர்ந்தது. புளோயரும் வந்தது. முகமூடிகள் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருந்தன.

என் கையெழுத்துப் போட்ட மூன்று தாள்கள்

செல்லையாவை ரயில் நிலையம் இருக்கும் தம்பானூர் அருகே ஒரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய மனைவிக்கும் ஆள் அனுப்பிவிட்டு, நான் ஸ்டோருக்குப் போனேன். அதற்கு முன்னால் அவரிடம் கேட்டிருந்தேன்: “எந்தக் கம்பி? மஞ்சள் நுனியா, வெள்ளை நுனியா?”

ஸ்டோரில் இரண்டு வகையும் இருந்தன. காட்மியம் உள்ள பழைய சரக்கின் ஒரு நுனியில் மஞ்சள் பெயிண்ட். காட்மியம் இல்லாத புதுச் சரக்குக்கு வெள்ளை. மற்றபடி அச்சு அசல் ஒன்றுதான்.

“நுனியே இல்ல மேடம். அரைக் கம்பிதான் குடுத்தாவ,” என்றிருந்தார் செல்லையா.

“ஓட்டம் எப்படி இருந்தது? உங்க கைக்குத் தெரியுமே.”

“மத்த நாளுன்னா தெரிஞ்சிருக்கும். நேத்து மனசு ஊருல கெடந்துது. தீயக் கூட்டி வச்சு மளமளன்னு முடிச்சேன்.”

ஸ்டோர் கீப்பர் சுகுமாரன் கொல்லத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மலையாளம் தலைதூக்கும்.

“எதற்குக் கம்பியைப் பாதியாக வெட்டினீர்கள்?” என்றேன்.

அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். நீளக் கம்பி இடுக்கான இடத்தில் பக்கத்து ஆளின் கண்ணில் குத்தும் அபாயம் இருப்பதால், இனிக் கம்பிகளைச் சரிபாதியாக வெட்டியே வழங்க வேண்டும். கீழே என் கையெழுத்து.

“மேடத்தின்றெ சர்க்குலர் தன்னே,” என்றார். “ஞான் பின்னெ என்ன செய்யும்?”

பாதியாக வெட்டினால் ஒரு பாதிக்கு நுனியில் நிறம் இருக்கும். மறு பாதிக்கு இருக்காது. இதைக் கண்டுபிடிக்க வேதியியல் பட்டம் தேவையில்லை. பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை. நிறமில்லாத பாதிகள் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் கிடந்தன, இரண்டு சரக்கும் கலந்து.

“சரி, நேற்று மிஞ்சின துண்டு எங்கே?”

அதற்கும் தாள் இருந்தது. தரையில் கிடக்கும் துண்டுகள் காலில் குத்துவதால், வேலை முடிந்ததும் அவற்றைப் பொதுப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். பொதுப் பெட்டியில் இரண்டு மாதத் துண்டுகள் இருந்தன.

மூன்றாவதாக, வேலை நடந்த இடத்துக்கே போனேன். மனிதர் குனிந்து நுழையக்கூடிய, பீப்பாய் போன்ற பெரிய கலன். உள்சுவரில் புகை படிந்திருந்தால் நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். துத்தநாகம் ஆறினால் வெள்ளை, காட்மியம் பழுப்பு. விளக்கடித்துப் பார்த்தேன். கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும் என்று எழுதியவரும் நான்தான். என் சர்க்குலர்களை யாரும் படிப்பதில்லை என்று அதுவரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புளோயர் மட்டும் வாசலில் அணைந்து கிடந்தது. காற்று அடித்தால் இணைப்பு ஆறிப்போகிறது என்று செல்லையா அதை நிறுத்தியிருந்தார். முந்தைய நாள் பந்த். கேட்டுக்கு உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர். பார்த்துச் சொல்ல ஆளில்லை.

ஒரு வார்த்தை போதும்

மருத்துவமனையில் டாக்டர் நிதானமான மனிதர். நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“படம் க்ளியர். ஆனா முதல் நாள் க்ளியர் படத்தை நான் நம்பமாட்டேன். மேடம், எனக்கு ஒரு வார்த்தை போதும். காட்மியம் உண்டா இல்லையா? உண்டுன்னா இந்த ஆள் மூணு நாள் இந்தக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. தெரியலைன்னாலும் அப்படித்தான்.”

சரியான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

செல்லையாவின் மனைவி பொன்னுத்தாய் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கும் வேலை. விரல் நுனிகள் வாழைக்காய்க் கறையில் கறுத்திருந்தன. காலடியில் கட்டிய துணிமூட்டையும், புதுச் சேலைப் பெட்டியும்.

“மூணு நாளா?” என்றாள். “சார், நாளைக்குக் காலையில மாப்பிள வீட்டுக்காரங்க வாராவ. தகப்பன் இல்லாம யாரு தட்டு மாத்துவா? ஏற்கெனவே ஒரு எடம் இவிய வேலைக்குப் போயி வராமத்தான் முறிஞ்சுது. இந்த மட்டும் தகப்பன் வரலன்னா, அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வைப்பாவ?”

“ஏ, சும்மா இரி,” என்றார் செல்லையா கம்பளிக்குள்ளிருந்து. “மேடம் சொன்னா அதுல காரணம் இருக்கும்.”

அந்த நம்பிக்கை என்னைக் குத்தியதுபோல் யாருடைய ஏச்சும் குத்தியதில்லை.

மாலை ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. நான் அவரிடம் குனிந்து கேட்டேன். “முகமூடி போட்டீங்களா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

“இல்ல மேடம். தோர்த்தக் கட்டிக்கிட்டேன்.”

தோர்த்து என்பது இங்கே எல்லார் தோளிலும் கிடக்கும் மெல்லிய துண்டு. முகமூடிக்குப் பதில் துணி கட்டக்கூடாது என்று நான்காவது சர்க்குலர் ஒன்று உண்டு. அதை மட்டும் அவர் மீறியிருக்கிறார்.

“அந்தத் தோர்த்து எங்கே?”

செல்லையா மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள்.

“தொவைக்கப் போட்டிருக்கேன்,” என்றாள்.

சாலைக் கடைத்தெரு

ஆட்டோ தம்பானூரிலிருந்து கிளம்பி, கிழக்கேகோட்டை நெரிசலில் மாட்டி, சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. வத்தல் மூட்டைகளின் காரம் மூக்கில் ஏறியது. எதிரில் வெங்காய லாரி.

“சோப்பு போட்டாச்சா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

“வாளிக்குப் பக்கத்துலதான் கெடக்கும். ஊருக்குப் போறதுக்கு முன்ன அலசலாம்னு வச்சேன். எங்கூட இருக்க கிரிஜாக்கா கை சும்மா இருக்காது. அலசிப் போட்டாலும் போட்டிருப்பா.” லாரி ஒதுங்கியதும், “ஒரு அழுக்குத் துண்டுக்கு எதுக்கு மேடம் ஆட்டோ?”

“உங்க வீட்டுக்காரர் மூச்சில போனது பாதி அதில இருக்கும்.”

அவள் யோசித்தாள். “அப்ப அதத் தொவைக்காம விட்டது நல்லதாப் போச்சா? என் அத்தை இருந்தா இத அவளுக்குச் சொல்லணும்.”

பிறகு, கேட்காமலே சொன்னாள்: “நாலு நாளா ஊர்லதான் இருந்தோம். பந்தல், சமையல்காரன், எல்லாம் சொல்லி முடிச்சிட்டு முந்தாநாத்து ராத்திரிதான் வந்தோம். வந்த அலுப்போட நேத்து வேலைக்குப் போனாவ.”

“நாலு நாளா வேலைக்கு வரலையா?”

“லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான போனாவ.”

நான்கு நாள் புகை படாத உடம்பு. அப்படியானால் செவ்வாய்க்கிழமையே அவருக்குத் திங்கட்கிழமை. துத்தநாகமாக இருக்க வழி உண்டு. வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டியிருந்தால் காலையிலேயே எனக்கு இது தெரிந்திருக்கும். வழி உண்டு என்பது வேறு, அதுதான் என்பது வேறு. டாக்டருக்கு ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை ‘இருக்கலாம்’ அல்ல.

வரிசை வீடுகளின் பொதுக் குழாயடியில் கிரிஜாக்கா உட்கார்ந்து துணி கும்மிக்கொண்டிருந்தாள். வாளிக்குப் பக்கத்தில் கல்லின்மேல் இரண்டு துணிகள் பாக்கி. அதில் ஒன்று தோர்த்து. மடித்த மேனிக்கு, மூக்கு இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டத்தோடு.

“அது ஒந்நு மாத்ரம் வேண்டா கிரிஜாக்கா,” என்று பொன்னுத்தாய் ஓடிப்போய் எடுத்தாள்.

கிரிஜாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆபீஸ் சேலை கட்டிய ஒரு பெண்மணி அழுக்குத் தோர்த்தைப் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு விரலால் இடுவதை அவள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டாள்.

மூன்று குழாய்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் லதா என்னோடு பத்து வருடமாக வேலை செய்பவள். மாவேலிக்கரைக்காரி. கை சுத்தம், வாய் சிக்கனம்.

சாம்பல் வட்டத்தில் பாதியை வெட்டி அமிலத்தில் ஊறவைத்து, வடித்து, சல்பைடு சேர்ப்பது. செம்பை ஒரு பக்கம் கட்டிப்போட்டுவிட்டால் மீதி எளிது. காட்மியம் இருந்தால் மஞ்சள் படியும். துத்தநாகமென்றால் வெள்ளை. கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைகள் செய்யும் வேலை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஸ்டோரிலிருந்து மஞ்சள் நுனித் துண்டு ஒன்றையும் கரைத்து வைக்கச் சொன்னேன். செய்முறையை லதாவிடம் சொல்லிவிட்டு, பொதுமேலாளரிடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். அவர் முதலில் கேட்டது, “இது பேப்பரில் வருமா?” என்று.

நான் திரும்பியபோது லதா சோதனைக் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“மேடம். மஞ்ஞ.”

மஞ்சள்தான். சந்தேகமில்லாத, கலங்கிய மஞ்சள்.

கண்ணில் குத்தக்கூடாது என்று ஒரு தாள் எழுதினேன். அந்தத் தாள் ஒரு மனிதரின் நுரையீரலுக்குள் போய்விட்டது.

மருத்துவமனைக்கு டெலிபோன் சுழற்றினேன். டாக்டரைக் கூப்பிடுகிறேன், காத்திருங்கள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு ரிசீவரை மேசையில் வைத்துவிட்டது. மறுமுனையில் யாரோ நடக்கும் செருப்புச் சத்தம். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி குழாய் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டாண்டில் பின்வரிசையில் இன்னொரு குழாய் இருந்தது. எந்தச் சோதனையிலும் ஒரு குழாயில் கடைசி மருந்தைச் சேர்க்காமல் அப்படியே வைக்க வேண்டும் என்பது நான் லதாவிடம் சொல்லிச் சொல்லி அவளைச் சலிக்க வைத்த விதி. அவள் சலித்துக்கொண்டே அதைச் செய்துவிடுவாள். அன்றும் செய்திருந்தாள்.

மருந்து படாத அந்தக் குழாயும் மஞ்சளாக இருந்தது.

சல்பைடு சேராமல் காட்மியம் மஞ்சளாகாது. அப்படியானால் துணியிலேயே ஏதோ மஞ்சள் இருக்கிறது.

ரிசீவரை வைத்துவிட்டேன். காரத் திரவத்தை எடுத்து அந்தக் குழாயில் நான்கு சொட்டு விட்டேன். மஞ்சள் புரண்டு, சிவந்து, குழாய் முழுக்கச் செக்கச் செவேலென்று ஆனது.

“குருதி,” என்றாள் லதா. பகவதி கோவில் பூசையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து வைக்கும் சிவப்பு நீருக்கு அவர்கள் ஊரில் அந்தப் பெயர்.

“ஆரத்தி,” என்றேன் நான்.

வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பொன்னுத்தாயைக் கூப்பிட்டேன். “தோர்த்தில மஞ்சள் எப்படி வந்தது?”

“நாந்தான் மேடம் முக்கிக் குடுப்பேன். தெனமும் மஞ்சத்தண்ணில நனைச்சுப் பிழிஞ்சு குடுத்தாத்தான் கட்டுவாவ. வெசத்த முறிக்கும்லா.” என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். “தப்பா?”



வட்டத்தின் மிச்சப் பாதியை மட்டான தீயில் சாம்பலாக்கினோம். மஞ்சள்கிழங்கு எரிந்து போய்விடும், உலோகம் தங்கும். தீயை அதிகம் வைத்தால் காட்மியமும் சேர்ந்து பறந்துவிடும் என்பதால் நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். முப்பது நிமிடம் இவ்வளவு நீளம் என்று பரீட்சை ஹாலில்கூட எனக்குத் தெரிந்ததில்லை. பொன்னுத்தாய் கதவுக்கு வெளியே நின்று ஆய்வுக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

சாம்பலைக் கரைத்தோம். வடித்தோம். கடைசி மருந்தை லதா சேர்த்தாள்.

ஒப்பிட வைத்த, மஞ்சள் நுனிக் கம்பி கரைத்த குழாயின் அடியில் எலுமிச்சம்பழ நிறத்தில் படிந்து கிடந்தது. செல்லையாவின் குழாயில் பாலைச் சிந்தியதுபோல் வெள்ளை. வெறும் வெள்ளை. இன்னொரு தரம் செய்தோம். மறுபடியும் வெள்ளை.

லதா வழக்கத்துக்கு மாறாக ஒரு முழு வாக்கியம் பேசினாள். “மேடம், இனி உட்காரலாம்.” அப்போதுதான் நான் நின்றுகொண்டே இருந்தது தெரிந்தது.

ரயில்

டாக்டர் என் ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, தன் வேலையையும் செய்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது, நெஞ்சில் சத்தமில்லை, இரண்டாவது படமும் சுத்தம். அப்படியும் ஒரு கடிதம் எழுதினார். மூச்சு முட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும். காட்மியம் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். என் தொழிலில் நான் பார்த்த சிறந்த ஆவணங்களில் அது ஒன்று.

இதைப் படிக்கும் பிரேசிங், வெல்டிங் நண்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அன்று தோர்த்து கிடைத்தது, ஆய்வுக்கூடம் பக்கத்தில் இருந்தது. உங்களுக்கு இரண்டும் இருக்காது. புகைக்குப் பிறகு குளிர் வந்தால், எந்தக் கம்பி என்று தெரியாவிட்டால், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். துணி முகமூடி ஆகாது. மஞ்சள் தடவிய துணியும் ஆகாது.

தம்பானூர் மேடையில் செல்லையா கம்பளியை மடித்துக் கையில் வைத்திருந்தார். வண்டி வரும் நேரம்.

“மேடம், அந்தத் தோர்த்து?”

“எரிச்சாச்சு.”

“நல்ல தோர்த்து,” என்றார் வருத்தமாக.

மறுநாள் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, வள்ளியூரில் ஒரு பூத்திலிருந்து டெலிபோன் வந்தது. தட்டு மாற்றியாகிவிட்டது, மூச்சு நன்றாக இருக்கிறது, கேசரியில் இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு வைத்தார். வெள்ளிக்கிழமையும் பேசச் சொல்லியிருந்தேன். பேசினார். சனிக்கிழமை நான் சொல்லாமலே பேசினார்.

அந்த வாரமே மஞ்சள் நுனிக் கம்பிகள் அத்தனையும் தொழிற்சாலையை விட்டு வெளியேறின; நிறமில்லாத பாதிகளும் கூடவே. கம்பியை வெட்டும் சர்க்குலரை ரத்து செய்து புதுச் சர்க்குலர் எழுதினேன். சுகுமாரன் அதை வாங்கி, முதல் தடவையாக என் எதிரிலேயே முழுவதும் படித்தார்.

“இதில் தெற்றொந்நும் இல்லல்லோ?” என்றார். தவறு ஒன்றும் இல்லையே என்று.

“தெரியாது. நீங்கள் கண்டால் சொல்லுங்கள்,” என்றேன். அந்த வாக்கியத்தை அதற்குமுன் நான் எந்தச் சர்க்குலரிலும் எழுதியதில்லை. அன்று கடைசி வரியாகச் சேர்த்தேன்.

ஆவணியில் கல்யாணம். வள்ளியூர் போய் பஸ் மாறி, கிராமத்துக்குப் போனேன். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நிற்க, பொன்னுத்தாயின் நாத்தனார் ஆரத்தித் தட்டைச் சுற்றினாள். எல்லாரும் மணமக்களைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். மஞ்சள் நன்றாகவே சிவந்திருந்தது.

பக்கத்தில் புது வேட்டியில் நின்ற செல்லையா என் காதருகே குனிந்தார். அவர் தோளில் புதுத் தோர்த்து.

“என்ன மேடம், தண்ணியவே பாக்கிய? அதுல காட்மியம் உண்டா?”

“இல்லை,” என்றேன்.

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு, பந்திக்கு ஆட்களைக் கூப்பிடப் போனார். வெயிலில் வேகமாக நடந்தார். மூச்சு வாங்கவில்லை; நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்காக யாரோ ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து வைத்தார்கள், கருப்பட்டி போட்டு. ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.